லாரி இன்ஜினில் நைட்ரஸ்: ஒன்றரை நிமிட பலத்தின் கணக்கு

கேபினுக்குப் பின்னால் நைட்ரஸ் ஆக்சைடு நிரப்பிய நீல நிற பாட்டில் ஒன்றைக் கட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் பெரிய லாரி சீறிப் பாய்வதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. பார்த்தவர்களுக்கு வரும் கேள்வி நியாயமானதுதான். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் திணறும் லாரிக்கும் இதைப் பொருத்தினால் என்ன? கார் இன்ஜினில் வேலை செய்வது லாரி இன்ஜினில் செய்யாதா?

செய்யும். எவ்வளவு நேரம் செய்யும், அதற்குள் எது எது உடையும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் ஏன் எந்தச் சரக்கு லாரியிலும் இது கம்பெனியிலிருந்தே வருவதில்லை என்று புரியும்.

முதலில் பெயர்க் குழப்பம்

நைட்ரஸ் ஆக்சைடு என்பது இரண்டு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த வாயு. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி இதைத் தயாரித்தார். பல் மருத்துவர்கள் வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயுவும் இதுவேதான். வண்டிகளுக்கென்று விற்கும் சரக்கில் சிறிதளவு கந்தக டை ஆக்சைடைக் கலந்திருப்பார்கள். முகர்ந்து பார்க்க ஆசைப்படுகிறவருக்கு மூக்கும் தொண்டையும் எரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கலப்பு.

'நாஸ்' என்று பலரும் சொல்வது இந்த வாயுவின் பெயர் அல்ல. இந்தக் கருவிகளை விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பிராண்டு. 'நாக்ஸ்' என்பது முற்றிலும் வேறு. இன்ஜினுக்குள் அதிக வெப்பத்தில் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் மாசு அது. புகைக்குழாய் வழியாக வெளியே போவது நாக்ஸ். பாட்டிலிலிருந்து உள்ளே போவது நைட்ரஸ்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். நைட்ரஸ் எரிபொருள் அல்ல. அது தானாக எரியாது, பிறவற்றை எரிய வைக்கும். டீசல் வண்டிகளில் சிலர் புரொப்பேன் வாயுவைக் காற்றோடு கலந்து விடுவதுண்டு, அது எரிபொருள். இரண்டும் பாட்டிலில்தான் வருகின்றன, இரண்டுக்கும் குழாயும் வால்வும் உண்டு. அதனால் ஒன்றைப் பற்றிச் சொன்னதை மற்றொன்றுக்குப் பொருத்திக்கொண்டு பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்ஜினுக்கு அது எதைக் கொடுக்கிறது

எந்த இன்ஜினாக இருந்தாலும் அதற்கு டீசலையோ பெட்ரோலையோ கூடுதலாக ஊற்றுவது சுலபம். அதை எரிக்கப் போதுமான ஆக்சிஜனை உள்ளே கொண்டுபோவதுதான் கஷ்டம். வெளியேறும் புகையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாம் அந்த ஒரு வேலைக்காகவே இருக்கின்றன. காற்றின் எடையில் சுமார் 23 சதவீதம்தான் ஆக்சிஜன். நைட்ரஸில் அது 36 சதவீதம். போதாக்குறைக்கு, பாட்டிலில் அது திரவமாக இருப்பதால் சின்ன இடத்தில் நிறைய அடங்கும்.

இதனால் மூன்று பலன்கள்:

1. சிலிண்டருக்குள் சூடு சுமார் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது நைட்ரஸ் மூலக்கூறு பிரிந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும்போதே இந்தச் சூடு வந்துவிடும்.

2. திரவம் குழாயிலிருந்து வெளியே வந்ததும் ஆவியாகி, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கிறது. அதன் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருப்பதால் அதே இடத்தில் அதிக ஆக்சிஜன் அடங்கும்.

3. பிரியும்போதே அது வெப்பத்தையும் வெளியிடுகிறது: ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.9 மெகாஜூல். டீசலின் 43 மெகாஜூலோடு ஒப்பிட்டால் சின்னதாகத் தோன்றும். ஆனால் ஒரு கிலோ டீசலுக்கு ஒன்பது கிலோ நைட்ரஸ் செலவாகும் என்பதை நினைவில் வைத்தால் அது அவ்வளவு சின்னது இல்லை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்களில் ஜி.எம்.-1 என்ற பெயரில் இதே ஏற்பாடு இருந்தது. காற்று மெலிந்து, அதை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜருக்கே மூச்சு வாங்கும் உயரத்தில், சில நிமிடங்களுக்கு மட்டும் அதைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கும் அது அவசரத்துக்கான பலம்தான்.

பெட்ரோலில் ஒரு கதை, டீசலில் வேறு கதை

இந்த வேறுபாடு புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் போக வேண்டும்: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. அதில் நைட்ரஸை மட்டும் விட்டு பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை மெலிந்து, சூடு எகிறி, பிஸ்டனே உருகிவிடும். அதனால்தான் கார்க்காரர்கள் நைட்ரஸோடு பெட்ரோலையும் சேர்த்துப் பீய்ச்சுகிறார்கள்.

டீசல் இன்ஜின் அப்படி இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அது காற்றைத் தாராளமாகவே இழுக்கும். எவ்வளவு டீசல் பீய்ச்சுகிறோம் என்பதுதான் பலத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ டீசலை எரிக்க 14.5 கிலோ காற்று போதும் என்றாலும், முழு மிதியில்கூட நல்ல லாரி இன்ஜினுக்குள் 20 கிலோ அளவில் காற்று போகும். டீசல் துளித்துளியாகப் பீய்ச்சப்பட்டு அந்த நொடியிலேயே காற்றோடு கலக்க வேண்டியிருப்பதால் இந்த உபரி தேவைப்படுகிறது. விகிதம் 18க்குக் கீழே இறங்கினால் கருப்புப் புகை தலைகாட்டும்.

ஆக, புகை இல்லாமல் சுத்தமாக ஓடும் லாரியில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. அதில் நைட்ரஸை மட்டும் திறந்துவிட்டால், அது பிரியும்போது வரும் சூட்டினால் கொஞ்சம் பலம் கூடும், அவ்வளவுதான். வீடியோவில் பார்த்த பாய்ச்சல் வராது.

கருப்புப் புகை தள்ளும் வண்டியின் கதை வேறு. அந்தப் புகை ஆக்சிஜன் கிடைக்காமல் பாதியில் நின்றுபோன டீசல்தான். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரியதாகப் போட்டு, மென்பொருளை மாற்றி, டீசலை அளவுக்கு மீறிக் கூட்டிய இன்ஜினில் நைட்ரஸைத் திறந்தால் புகை சட்டென்று வெளுக்கும், வண்டி எகிறும். வீடியோக்களில் வருபவை எல்லாம் இந்த ரகம். பாட்டிலைக் காட்டுவார்கள், அதற்கு முன் இன்ஜினில் செய்த வேலைகளைக் காட்ட மாட்டார்கள்.

பெட்ரோல் வண்டியில் பழகிய மெக்கானிக்குக்கு இன்னொரு விஷயமும் தலைகீழாகத் தெரியும். பெட்ரோலில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் எரிபொருள் கூடினால்தான் ஏறும். அதனால் டீசலில் நைட்ரஸ் மட்டும் போனால் பிஸ்டன் உருகிவிடும் என்ற பயம் அவ்வளவாகத் தேவையில்லை. பயப்பட வேண்டியது அழுத்தத்துக்கு. அதைக் கீழே பார்ப்போம்.

மேட்டில் 25 விநாடி

சரி, லாரிக்குக் கூடுதலாக 100 கிலோவாட், அதாவது சுமார் 135 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

நல்ல லாரி இன்ஜின் ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் தர ஏறத்தாழ 200 கிராம் டீசல் எடுக்கும். 100 கிலோவாட்டுக்கு மணிக்கு 20 கிலோ, அதாவது விநாடிக்கு ஐந்தரை கிராம். அதை எரிக்க ஒன்பது மடங்கு எடையில் நைட்ரஸ் வேண்டும்: விநாடிக்கு 50 கிராம். பிரியும்போது வரும் சூடு இந்தத் தேவையைக் கொஞ்சம் குறைக்கும். டீசலுக்கு உபரி ஆக்சிஜன் வேண்டும் என்பது அதே அளவுக்குக் கூட்டிவிடும். இரண்டும் கழிந்து 50 கிராமே நிற்கிறது.

வழக்கமாகக் கிடைக்கும் பாட்டிலில் 10 பவுண்டு, நாலரை கிலோ இருக்கும். 90 விநாடியில் காலி.

இதைச் சாலையில் வைத்துப் பார்ப்போம். 40 டன் எடையுள்ள லாரி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் மேட்டில் ஏறுகிறது. சக்கரத்துக்கு 350 கிலோவாட் கிடைத்தால் அது மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். 450 கிலோவாட் கிடைத்தால் 62. கியர்பாக்ஸில் போகும் இழப்பையும், வேகம் பிடிக்க ஆகும் நேரத்தையும் நைட்ரஸுக்குச் சாதகமாக விட்டுவிடுவோம். 90 விநாடியில் வேகமான லாரி ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போயிருக்கும். அதே தூரத்துக்கு மற்ற லாரிக்கு 115 விநாடி ஆகும்.

ஒரு முழு பாட்டிலைக் காலி செய்து மிச்சப்படுத்தியது 25 விநாடி. மேடு பத்து நிமிடம் நீண்டால் 30 கிலோ நைட்ரஸ் வேண்டும். ஏறக்குறைய ஏழு பாட்டில். கீழே இறங்கியதும் அத்தனையையும் நிரப்ப ஓர் இடம் தேட வேண்டும்.

உடைவது எது

13 லிட்டர், ஆறு சிலிண்டர் லாரி இன்ஜினில் ஒரு பிஸ்டனின் விட்டம் 13 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 200 பார் வரை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு வரை போகும். பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் தலையில் விழும் எடை 27 டன். கணக்குப் போட்டவருக்கே ஒரு நிமிடம் நம்ப முடியாத எண்தான். ஒரு பிஸ்டன், அதன் தள்ளலைக் கீழே கடத்தும் ஒரு கனெக்டிங் ராடு, அந்த ராடின் இரண்டு முனையிலும் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங். இவை 27 டன்னை நிமிடத்துக்கு 600 முதல் 900 தடவை வாங்கிக்கொண்டு பல லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. அழுத்தம் 10 பார் கூடினால் இந்த எடையில் ஒன்றேகால் டன்னுக்கு மேல் கூடும்.

எந்த வேகத்தில் திறக்கிறோம் என்பதும் முக்கியம். பாட்டிலிலிருந்து வருவது விநாடிக்கு 50 கிராம் என்ற நிலையான ஓட்டம். இன்ஜினின் சுழற்சி வேகம் அதற்குத் தெரியாது. நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஆறு சிலிண்டர்களிலும் சேர்த்து விநாடிக்கு 90 வெடிப்பு; ஒவ்வொன்றுக்கும் அரை கிராமுக்குச் சற்று மேல் நைட்ரஸ். 1,200 சுற்றில் 60 வெடிப்புதான், ஒவ்வொன்றுக்கும் 0.83 கிராம். கூடுதல் முறுக்குவிசையும் அதற்கேற்ப 530 நியூட்டன் மீட்டரிலிருந்து 800 ஆகிவிடும். லாரிக்காரர் எங்கே பலம் கேட்பார்? மேட்டில், சுற்று விழுந்து இன்ஜின் முக்கும்போது. நைட்ரஸைத் திறக்கவே கூடாத இடம் அதுதான்.

உடையும் வரிசை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். பொதுவாக:

1. ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. அழுத்தம் சிலிண்டர் ஹெட்டைத் தூக்கப் பார்க்கும். போல்ட் நீளும், கேஸ்கெட் ஊதிக்கொண்டு போகும். இதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

2. கனெக்டிங் ராடு. குறைந்த சுற்றில் திறந்தால் இதுதான் முதலில் வளையும். வளைந்த ராடு பிளாக்கின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தால் இன்ஜினே பழைய இரும்பு.

3. டர்போ. எரிவது கூடினால் வெளியேறும் வாயுவின் பலமும் கூடும். டர்போ தன் வரம்புக்கு மேல் சுழலும்.

4. கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட். முதல் கியரில் இன்ஜின் தரும் முறுக்குவிசை 12 மடங்காகப் பெருகி ஷாஃப்டுக்குப் போகும். இன்ஜினில் கூடிய 800 நியூட்டன் மீட்டர் அங்கே 9,600 ஆகிவிடும். 40 டன் பாரம் பின்னால் இழுத்துப் பிடிக்கும்போது ஷாஃப்டுக்குத் தப்பிக்க வழி இல்லை. காரில் டயர் வழுக்கி ஷாஃப்டைக் காப்பாற்றிவிடும்; பாரம் ஏற்றிய லாரியில் டயர் அவ்வளவு சுலபமாக வழுக்காது.

புதிய லாரிகளில் இன்னொரு தடை. முறுக்குவிசைக்கு வரம்பு வைத்து, புகைக்குழாயில் நாக்ஸ் அளக்கும் சென்சார் வைத்து, எல்லாவற்றையும் ஒரு கணினி மேய்த்துக்கொண்டிருக்கும். நைட்ரஸால் எரியும் சூடு கூடி நாக்ஸும் கூடும், சென்சார் காட்டிக்கொடுக்கும், கணினி தானாகவே பலத்தைக் குறைத்துவிடும். அதை ஏமாற்ற மென்பொருளில் கை வைத்தால் அது மாசு விதிகளை மீறுவதாகும்.

பொருத்துகிறவர்கள் எப்படிப் பொருத்துகிறார்கள்

பந்தயத்துக்காகச் செய்கிறவர்கள் பொத்தானை மட்டும் நம்புவதில்லை. பாட்டிலிலிருந்து வரும் குழாயில் மின்சார வால்வு ஒன்று. அது திறக்கச் சில நிபந்தனைகள்: ஆக்சிலேட்டர் முழுதாக மிதிபட்டிருக்க வேண்டும், சுற்று குறிப்பிட்ட எண்ணைத் தாண்டியிருக்க வேண்டும், டர்போ அழுத்தம் வந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வால்வு மூடிக்கொள்ளும். நைட்ரஸைப் பீய்ச்சும் நாசிலை இன்டர்கூலரைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு முன்னால் வைப்பது வழக்கம். ஆறு சிலிண்டருக்கும் சமமாகப் பிரியும்படி வைப்பதில்தான் கைத்திறன். ஒரு சிலிண்டருக்கு மட்டும் அதிகம் போனால் மேலே சொன்ன 27 டன் கணக்கு அந்த ஒன்றில் மட்டும் எகிறும்.

இன்ஜின் நின்றிருக்கும்போது வால்வு கசிந்தால் குழாய்க்குள் நைட்ரஸ் தேங்கிவிடும். அடுத்து ஸ்டார்ட் செய்யும்போது அத்தனையும் ஒரே மூச்சில் உள்ளே போகும். பாட்டிலின் கைத்திருகையும் தனியாக மூடி வைப்பது அதற்காகத்தான்.

பாட்டிலுக்கும் கோபம் வரும்

20 டிகிரி சூட்டில் பாட்டிலுக்குள் அழுத்தம் சுமார் 50 பார். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாக நிற்க முடியாது. அழுத்தம் 72 பாருக்கு மேல் மளமளவென்று ஏறும். வெயிலில் நிற்கும் லாரியின் கேபினுக்குப் பின்புறம், புகைக்குழாய்க்குப் பக்கத்தில், இந்தச் சூடு ஒன்றும் அதிசயம் இல்லை. அதற்காகவே பாட்டிலில் ஒரு மெல்லிய தகடு உண்டு. அழுத்தம் மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியே விடும். அந்த வழியைக் கேபினுக்கு வெளியே கொண்டுபோகாமல் விட்டால், மூடிய கேபினில் ஆக்சிஜனை விரட்டிவிட்டு நைட்ரஸ் நிரம்பும்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினையும் உண்டு. குளிரில் அழுத்தம் விழுந்து பலம் குறையும். அப்போது பாட்டிலைச் சூடாக்க மின்சாரப் போர்வை இருக்கிறது. அதை விட்டுவிட்டு நெருப்பைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நைட்ரஸ் பிரியும்போது வெப்பம் வரும் என்று பார்த்தோமே, ஓரிடத்தில் போதுமான சூடு பட்டால் பாட்டிலுக்குள்ளேயே அது தொடங்கிவிடலாம். அதற்கு எரிபொருள்கூட வேண்டாம். 2007இல் அமெரிக்காவின் மொஹாவியில் ராக்கெட் பாகத்துக்கான சோதனையில் நைட்ரஸ் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். 2016இல் புளோரிடாவில் கான்டோன்மென்ட் என்ற ஊரில் நைட்ரஸ் தயாரிக்கும் ஆலை வெடித்து ஒருவர் இறந்தார். இரண்டுமே வாயுவைக் கையாளத் தெரிந்த இடங்கள்.

வீடியோக்களில் கிளம்பும் முன் வெள்ளைப் புகைபோலப் பீய்ச்சி விடுகிறார்களே, அது குழாயிலிருக்கும் ஆவியை வெளியேற்றித் திரவத்தை வரவழைப்பதற்காக. பார்க்க அழகாக இருக்கும். புவி வெப்பத்தைப் பொறுத்தவரை நைட்ரஸ், கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வலியது. இன்ஜினுக்குள் போனதில் பெரும்பகுதி பிரிந்துவிடும். இப்படிப் பீய்ச்சியது அப்படியே வானத்துக்குப் போகும்.

அப்புறம் எங்கேதான் பயன்?

அதிக பலம் நாள் முழுக்க வேண்டும் என்றால் கம்பெனிக்காரர்கள் வேறு வழியில் போகிறார்கள். வோல்வோவின் ஒரே 13 லிட்டர் இன்ஜின் 420 குதிரைத்திறனிலும் கிடைக்கும், 540இலும் கிடைக்கும். அதுவும் போதாது என்றால் பெரிய இன்ஜின்: ஸ்கேனியாவின் 16.4 லிட்டர் வி8, 770 குதிரைத்திறன், 3,700 நியூட்டன் மீட்டர். டேங்கில் டீசல் இருக்கும்வரை அந்த பலம் இருக்கும்.

நைட்ரஸுக்கு இடம் இருப்பது சில விநாடிகளில் முடியும் வேலைகளில். 402 மீட்டர் (கால் மைல்) வண்டிப் பந்தயம், விதிகள் அனுமதிக்கும் இழுவைப் போட்டி போன்றவை. அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் அதை உச்ச பலத்துக்குப் பயன்படுத்துவதைவிட டர்போவை எழுப்பவே பயன்படுத்துகிறார்கள். மிகப் பெரிய டர்போ கிளம்பும்போது தூங்கும். அதைச் சுழற்றப் போதுமான புகை இன்ஜினிலிருந்து வராது. அந்த நேரத்தில் கொஞ்சம் நைட்ரஸைக் காட்டினால் எரிவது கூடி, டர்போ எழுந்துகொள்ளும். எழுந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். இதற்கு ஐந்து விநாடி என்று வைத்தால், விநாடிக்கு 50 கிராம் கணக்கில் தடவைக்குக் கால் கிலோ. மேட்டில் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்த அதே பாட்டில் இங்கே 18 தடவைக்கு வரும்.